கிரேடிக் முதலாளிக்கு ஒரு பதில்

என் சித்தி ஃபாட்ரீனா கூர் என்னும் நகரில் பேருந்து ஓட்டுகிறாள். பதினேழு வயதில் எங்கள் ஊர் ஓட்டலில் சமையல் பயிற்சிக்குச் சேர்ந்தாள். ஒருநாள் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு நின்றபோது, முதலாளி கிரேடிக் விருந்தினர்கள் முன்னால் கைதட்டிச் சிரித்தார்.

"நாடகக்காரி! அடுத்த காட்சி எப்போ?"

அன்றே துரத்திவிட்டார். ஊரில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆளுமைக் கோளாறு என்று மருத்துவர்கள் சொன்னது பல வருடம் கழித்துத்தான். அந்த ஆளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சித்திக்கு அது ஒன்றுதான் வெறி. ஆனால் கோபம் ஏறும்போதெல்லாம் கத்தி அவள் கையைத்தான் தேடியது.

டாக்டர் ஹுன்ட்சிக்கர் அரசின் தனி அனுமதி வாங்கி, பேச்சு சிகிச்சையோடு எல்எஸ்டி என்ற, மாயக்காட்சி தரும் மருந்தையும் கொடுத்தார். "மருந்து மட்டும் ஒண்ணும் பண்ணாது. அதுல பாத்ததை வாராவாரம் உக்காந்து பேசணும்" என்றார். மருந்து கொடுத்த அன்று சித்தியை அழைத்துவர நான் போயிருந்தேன்.

"என்ன பாத்த, சித்தி?"

"அந்தாளு கைதட்டுறான். நான் அந்தப் பதினேழு வயசுப் பொண்ணு பக்கத்துல போய் நின்னேன். அவ நடிக்கலடி. அவளுக்கு வலிச்சுது."

நான் உளவியல் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். அழுது, மன்னித்து, லேசாகிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். எதை வைத்து அப்படி நினைத்தேனோ. அவள் கத்தியை விட்டாள். கிரேடிக்கை விடவில்லை.

திராட்சை அறுவடை விழாவில் அவரே எங்கள் மேசைக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் பயிற்சி முடியும் நாளில் முதலாளி கோப்பையைத் தூக்கித் தன் முதல் பெயரைச் சொல்வார். அதோடு இருவருக்கும் 'நீங்கள்' போய் 'நீ' வந்துவிடும். யாரும் மறுப்பதில்லை. சித்திக்கு அந்த நாள் வரவே இல்லை.

"பழசெல்லாம் எதுக்கு? நான் லூட்ஸி" என்று கோப்பையை நீட்டினார்.

சித்தி தன் கோப்பையைக் கீழே வைத்தாள். "வேணாம், கிரேடிக் சார். நீங்க எனக்கு 'நீங்க'தான். இனிமே நானும் உங்களுக்கு 'நீங்க'. பழகிக்கோங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் காது சிவந்தது. "இன்னும் அதே நாடகம்..."

"அப்போ கைதட்டுங்களேன். கூட யாரு தட்டுறாங்கன்னு பாப்போம்."

யாரும் தட்டவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன்: "மன்னிச்சிருக்கலாமே, சித்தி?"

"மன்னிச்சா அவருக்கு நல்லா தூக்கம் வரும். எனக்கு?"

இது நோயின் மிச்சமா, குணமானதன் அடையாளமா? எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். கிரேடிக் தன் கோப்பையைத் தனியாகக் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அது பிடித்திருந்தது.