டிரெசர் ஐயா கேட்ட மூன்றாவது பூஸ்டர்

அந்தச் சாம்பல் நிறப் பழைய காரில் ரேடியோ ஏரியல் இருந்த இடத்தில் விரல் நீளக் கம்பி மட்டும் மிச்சமிருந்தது. மீதியைச் செம்பனை மட்டைகள் ஒடித்துவிட்டிருந்தன. லிங்கிப் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டப் பாதைகளில் மட்டைகள் அவ்வளவு தாழ்ந்து தொங்கும். "இது நாலாவது தம்பி. இனிமே வெளிய தெரியாத மாதிரி ஒண்ணு வச்சுக் குடு. ஆனா என் வண்டியில ஓட்டை மட்டும் போடாத" என்றார் டிரெசர் ஐயா. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்து எங்களுக்கு மருந்து கொடுத்தவர் அவர். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் அவருக்கு அதுதான் பெயர்.

நான் சுங்கை காடுட்டில் ஒரு கார் ஆக்சசரி கடையில் வயரிங் வேலை செய்கிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆட்களிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து தலையை நுழைத்துவிட்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

முன்கண்ணாடியின் மேல் ஓரத்தில் மெல்லிய ஏரியலை ஒட்டி, வயரைக் கதவோரப் பிளாஸ்டிக் உறைக்குள் இறக்கி, ரேடியோவுக்குப் பின்னால் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரைப் பொருத்தினேன். பழைய கார்களில் பெயின்டின் மேலேயே எர்த் வயரை முடுக்கிவிட்டால் பூஸ்டர் வேலை செய்யாது. இரும்பு பளபளவென்று தெரியும்வரை சுரண்டித்தான் முடுக்கினேன். ரேடியோ தெளிவாகப் பாடியது. ஆனால் இரண்டு வாரத்தில் ஐயா திரும்பி வந்தார். சிக்னல் இழுக்கவில்லையாம். பெரிய பூஸ்டராக மாற்றினேன். அடுத்த மாதம் மறுபடியும் வந்தார். "பவர் பத்தல தம்பி. இன்னும் பெருசா ஒண்ணு போடு லா" என்றார். பூஸ்டர் பாட்டை மட்டும் பெருக்குவதில்லை, கூட வரும் இரைச்சலையும் பெருக்கும். அதை அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் தலையாட்டினேன்.

அன்று ரேடியோவில் அறிவிப்பாளர் ஏதோ நகைச்சுவை சொன்னார். பின்சீட்டில் இருந்த ஐயாவின் மனைவி, டிரெசர் அம்மா, சிரித்தார். கல்லாவில் இருந்த முதலாளியும் சிரித்தார். ஐயா அவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு வந்த தாமதத்தில்தான் எனக்குக் கோளாறு எங்கே என்று புரிந்தது.

எனக்குப் புரிந்துவிட்டதை அம்மா பார்த்துவிட்டார். ஐயா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஜன்னல் வழியாகக் குனிந்தார். "சொல்லிறாதப்பா. நீலாயில இருக்கிற மகனுக்குத் தெரிஞ்சா கார் சாவிய வாங்கிருவான். கார் இல்லாட்டி இவரு படுத்துருவாரு." கொஞ்ச நேரம் கழித்து அவரே, "நேத்து செம்பனைப் பழ லாரி பின்னாலயே ஹாரன் அடிச்சுக்கிட்டு வருது, இவரு விலகவே இல்ல" என்றார்.

நான் டாஷ்போர்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். கையில் மூன்றாவது பூஸ்டர். அதைப் பொருத்திவிட்டால் அன்றைய பாடு தீர்ந்துவிடும். ஆனால் என் சின்ன வயதில் அப்பா காய்ச்சலில் கிடந்தது நினைவுக்கு வந்தது. மூன்று நாள் மருந்து கொடுத்துப் பார்த்த இதே மனிதர், எங்கள் வீட்டு வாசலில் நின்று என் அம்மாவிடம், "இது என் மருந்துக்கு அடங்கல. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். தன் மருந்து பலிக்கவில்லை என்று தன் வாயாலேயே சொன்னார். அப்பா பிழைத்து என் கல்யாணம் வரை பார்த்தார்.

ஐயா திரும்பி வந்து கதவருகில் நின்றார். படுத்தபடியே சொன்னேன்: "ஐயா, வயரெல்லாம் சரியா இருக்கு. காதைத்தான் ஒரு தடவ காட்டிப் பாக்கணும்." பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அதற்கும் பதில் இல்லை. காது கேட்காதவரிடம் டாஷ்போர்டுக்குள் இருந்து பேசிக்கொண்டிருக்கும் என் மடத்தனம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே வந்தேன். வேறு இரண்டு வாடிக்கையாளர்களும் நின்றிருந்தார்கள். ஐயாவின் முகத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"ஐயா! கோளாறு ரேடியோவுல இல்ல! உங்க காதுல!"

என் குரல் எதிர்க்கடை வரை போயிருக்கும். முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். ஐயா என்னையே பார்த்தார்.

"அடேய், நீ பேசுவியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஐயா மட்டும் காரின் கூரையைத் தடவிக்கொண்டு நின்றார். "எனக்கும் சந்தேகம்தான் தம்பி. தோட்டத்துல எல்லார் காதுலயும் டார்ச் அடிச்சுப் பாத்தவன், என் காதை எவன்கிட்ட போய்க் காட்டுறது?" பிறகு அம்மாவிடம் திரும்பி, "நீயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொன்னேனே. உங்களுக்குத்தான் கேக்கல" என்றார் அம்மா.

மகன் வந்து சாவியை வாங்கிக்கொண்டதும் நடந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்து, இரண்டு காதுக்கும் கருவி வைத்து, ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகே திருப்பிக் கொடுத்தார். சாவி கிடைத்த மறுநாளே ஐயா கடைக்கு வந்துவிட்டார். காரில் ஏதோ கடகடவென்று சத்தம் வருகிறதாம். "அது அஞ்சு வருஷமா வருது" என்றார் அம்மா. ரேடியோ பெரிய பூஸ்டரோடு காதைக் கிழிக்கிறது, பழையதையே போடு என்றார் ஐயா.

அதை மாற்ற டாஷ்போர்டுக்கு அடியில் படுத்தேன். இத்தனை ஆண்டுகளாக நான் அவரிடம் சொல்லாத ஒன்று இருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல அன்றும் தைரியம் வரவில்லை. வயர்களைப் பார்த்துக்கொண்டு, எனக்கே கேட்காத குரலில், "அப்பாவக் காப்பாத்துனதுக்கு ரொம்ப நன்றிங்க ஐயா" என்றேன்.

வெளியில் ஐயா காரின் கூரையை மெல்லத் தட்டினார்.

"கேட்டுச்சு தம்பி" என்றார்.