விதைக்கூடையோடு எழுந்தவர்

கொல்லிமலைக்கு ரோடு வராத வெள்ளைக்காரர் காலத்தில், வாழவந்தி நாட்டில் எங்கள் சிறு கிறிஸ்தவ சபையில் அந்த விவசாயியைப் பார்த்தேன். கடுக்கன் கழற்றிய காதுத் துளையில் ஒரு குச்சி செருகியிருப்பார். பிரசங்கத்தைக் கண்ணை மூடித்தான் கேட்பார்.

மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், அறுப்புக்கு முன்பே ஆண்டவர் வந்துவிடுவார், இனி விதைப்பவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்றார். பயந்துபோய்ப் பலரும் விதைச் சாமையைப் பொங்கித் தின்றுவிட்டார்கள். இவர் மட்டும் சபை நடுவே விதைக்கூடையோடு எழுந்தார்.

"மறுதலிக்கிறாயா?" என்று பிரசங்கியார் அதட்டினார்.

"இல்லீங்க சாமி. அந்த நாளு ஒருத்தருக்கும் தெரியாதுன்னு ஆண்டவரே சொல்லியிருக்காருங்க. உங்களுக்கு ஆருங்க சொன்னது? அவரு வாரப்ப வரட்டும், நான் காட்டுல விதைச்சுட்டு இருப்பேன்."

அறுப்புதான் முதலில் வந்தது. சபை முழுவதும் அவர் சாமையைத்தான் உண்டது. மலை இறங்கிய பிரசங்கியாரின் கட்டுச்சோறும் அதுதான்.

எங்கள் சபையைப் பார்க்க வருகிறவர்களை நான் முதலில் அந்தச் சாமைக் காட்டுக்குத்தான் அழைத்துப் போகிறேன்.