பன்னிரண்டாம் மதகு ஜினெத்

முட்டைக்காரன் ஒரு முட்டையைக் கூடுதலாக வைத்துவிட்டுப் போனால், இதில் எது அழுகல் என்று அத்தனையையும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பவள் ஜினெத். மின்சாரக் கணக்கு எடுப்பவர் வியாழனுக்குப் பதில் செவ்வாயில் வந்து நின்றால் கதவு திறக்காது. மாமியார் செத்தபோதுகூட டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள் என்று கால்வாய்க் கரையில் சொல்வார்கள். அதை நம்பாதவர் யாரும் இல்லை.

பிரான்ஸில் பர்கண்டிப் பக்கத்துக் கால்வாயில் பன்னிரண்டாம் மதகு அவளுடையது. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. படகு உள்ளே வந்ததும் பின்கதவை அடைத்து, தண்ணீரையும் அதோடு படகையும் கீழ்மட்டத்துக்கு இறக்கி, முன்கதவைத் திறந்துவிட வேண்டும். படகு கிளம்பியதும் அடுத்த மதகுக்கு ஃபோன் போட வேண்டும். ஒரு படகு கீழே வருகிறது, டச்சுக்காரர்கள், கூட ஒரு நாய் என்று சொன்னால் போதும். அரை நிமிட வேலைதான். ஆனால் ஃபோனைக் கையில் எடுத்தபின் யார் அரை நிமிடத்தில் வைப்பார்கள்? யார் வீட்டு முன்னால் யார் கார் நின்றது, பாதிரியார் ஏன் இளைத்துப்போனார், எல்லாம் அந்தக் கம்பி வழியாகத்தான் போகும். படகு ஒரு பகல் முழுக்க ஊர்ந்து கடக்கிற தூரத்தைச் செய்தி பத்து நிமிடத்தில் கடந்துவிடும். ஜினெத் வாயிலிருந்து கிளம்பிய செய்தி என்றால் அதுகூட ஆகாது.

புருஷன் மர்சியால் அப்படியே எதிர்மாறு. மரம் அறுக்கும் ஆலை இரைச்சலில் முப்பத்தைந்து வருடம் இருந்ததில் பேச்சையே பாதி மறந்தவன். அவன் உயிர் சைக்கிளில் இருந்தது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு ரொட்டிக்கடை முன்னால் பதினான்கு பேர் கூடுவார்கள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மேடேறி, மலை முதுகைச் சுற்றி, மத்தியானத்துக்குள் திரும்புவார்கள். ஒரு சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. மேட்டில் யாராவது திணறினால் மர்சியால் பக்கத்தில் வந்து, முதுகில் உள்ளங்கையை வைத்து, உச்சிவரை தள்ளிக்கொண்டு போவான். அந்தக் குழுவில் அவன் கை படாத முதுகு கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் வருடம், மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய தொப்பியைத் துவைக்க எடுத்தாள் ஜினெத். தொண்ணூறு கிலோமீட்டர் மிதித்தவன் தொப்பியில் வியர்வை காய்ந்து வெள்ளையாய் உப்புக் கோடு இருக்கும். அன்று இல்லை. முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது.

அன்றிலிருந்து அவள் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. மலைப்பக்கம் போய் வந்த டயரில் செம்மண் ஒட்டும். அவன் டயரிலோ கால்வாய்க் கரைப்பாதையின் வெள்ளைத் தூசி. வழக்கமாகப் பருப்பும் பன்றித் தொத்திறைச்சியுமாய் முக்கால் சட்டியைக் காலி செய்பவன், இப்போது கரண்டியை வைத்துக்கொண்டு அளைந்தான். புதன்கிழமை ரொட்டிக்கடைக்காரி வேறு சிரித்துக்கொண்டே சொன்னாள், ரெண்டு மாசமா உங்க வீட்டுக்காரரை ஆளையே காணோமே, ஞாயிற்றுக்கிழமை நீங்க வெளியே விடறதில்லையாமே என்று. ஜினெத்தும் சிரித்தாள். வீடு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்க முடியவில்லை.

அவனிடம் நேராகக் கேட்டிருக்கலாம். நேராகக் கேட்டால் பொய்தான் வரும் என்பது அவள் கட்சி. அடுத்த ஞாயிறு அவன் கிளம்பியதும் பதின்மூன்றாம் மதகு இவோனுக்கு ஃபோன் போட்டாள். காற்றடிக்கிற பம்பை மறந்துவிட்டுப் போய்விட்டான், அந்தப் பக்கம் வந்தால் சொல்லு என்றாள். எட்டு இருபதுக்கு அவன் தன் மதகைத் தாண்டினான் என்று இவோன் சொன்னாள். பதினான்காம் மதகு குளோதிலிடம் விசாரித்தால், காலையிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. இரண்டு மதகுக்கும் நடுவே நாலு கிலோமீட்டர். அதில் இருப்பது மூடிப்போன ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றுதான். பதினொன்றே முக்காலுக்கு அவன் திரும்பினான் என்று இவோன் தானாகவே கூப்பிட்டுச் சொன்னாள். பம்பு கதையை யாரும் நம்பவில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்குள் கால்வாய் முழுக்க மர்சியாலுக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று ஆகிவிட்டது. அது ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவளா, கால்நடை டாக்டரின் விதவையா என்பதில்தான் தகராறு.

நாலாவது ஞாயிறு பத்து மணிக்கு ஜினெத் மதகு வாசலில் 'பழுது' என்று பலகை மாட்டினாள். இருபத்திரண்டு வருடத்தில் செய்யாத காரியம். கூடை வைத்த தன் கனத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைப்பாதையில் மிதித்தாள். அந்த ஒருத்தியிடம் என்ன பேசுவது, முதலில் யாரை அறைவது என்பதையெல்லாம் வழியிலேயே முடிவு செய்துவிட்டாள். பதின்மூன்றாம் மதகில் இவோன் ஜன்னலோரம் நின்றாள். கையில் ஏற்கெனவே ஃபோன் இருந்தது.

தொழிற்சாலை மதில் ஓரிடத்தில் இடிந்திருந்தது. அதன் வழியே ஜினெத் எட்டிப் பார்த்தாள்.

சிமென்ட் முற்றத்தில் மர்சியால் தனியாக வட்டமடித்துக்கொண்டிருந்தான். குழந்தை பழகுகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக. கைப்பிடி அவன் பிடியில் நிற்காமல் ஆடியது. மூன்றாவது சுற்றில் சக்கரம் சட்டென்று திரும்பி, சைக்கிளோடு பக்கவாட்டில் விழுந்தான். பாதம் மிதிகட்டையின் வாரில் மாட்டியிருந்தது. அதை அவிழ்க்க வலது கையை நீட்டினான். கை வாரைத் தொட்டது, நழுவியது, மறுபடி தொட்டது, வெடவெடவென்று ஆடியது. கடைசியில் இடது கையால் அவிழ்த்துக்கொண்டு எழுந்தான். முழங்கையில் ரத்தம். துடைத்துவிட்டு மறுபடி ஏறினான்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் ஜினெத்தின் கண் ஒருமுறை முற்றத்து மூலைகளைத் துழாவியது, பொம்பளை எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று. பழக்கம் அப்படி. யாரும் இல்லை. அங்கே ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா என்று அந்த நிமிடம் நிஜமாகவே ஆசைப்பட்டாள்.

அவன் அவளைப் பார்த்துவிட்டான். ஆச்சரியப்படவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓட்டுக் குவியல் மேல் உட்கார்ந்தான்.

மதிலைத் தாண்டி உள்ளே வந்த ஜினெத், "எப்போலேர்ந்து?" என்றாள்.

"கை ஆடறது குளிர்காலத்துலேர்ந்தே. டாக்டர் சொன்னது ஈஸ்டருக்கு. இது போகாதாம். கூடத்தான் செய்யுமாம்."

குழுவிலிருந்து அவனாகவே ஒதுங்கிக்கொண்டானாம். முன் சக்கரம் ஒரு சாண் தடுமாறினால் பின்னால் பத்துப் பேர் விழுவார்கள். காரணம் கேட்டவர்களிடம் ஜினெத் விடுவதில்லை என்று சொல்லிவைத்தான். எல்லோரும் உடனே நம்பினார்களாம்.

"ஊரையெல்லாம் ஏமாத்து. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

மர்சியால் ஓட்டுத் தூசியைக் கையிலிருந்து தட்டினான். "உன்கிட்ட சொல்றதும் ஃபோன்ல சொல்றதும் ஒண்ணுதான் ஜினெத். எங்க சைக்கிள் குழு அபெலுக்கு நெஞ்சுவலி வந்தப்போ என்ன ஆச்சு? நீ மத்தியானம் சொன்ன. சாயங்காலத்துக்குள்ள ஒம்பது வீட்லேர்ந்து சூப் வந்துருச்சு. அதுக்கப்புறம் அந்த மனுஷனை யாரும் ஒரு நாற்காலியைக்கூடத் தூக்க விடலை."

ஜினெத் சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளருகே போனாள்.

"நான் எத்தனை பேர் முதுகுல கை வெச்சுத் தள்ளியிருக்கேன்," என்றான் அவன். "வெச்ச உடனே அந்த முதுகு எப்படிக் கூனிப்போகும்னு என் கைக்குத்தான் தெரியும். என் முதுகுல ஒருத்தன் கை படக் கூடாது. அவ்வளவுதான்." பிறகு கேட்டான்: "யார்கிட்டயாவது ஏதாவது சொன்னியா?"

"உன் கையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை," என்றாள். அது உண்மைதான். இவ்வளவு கேவலமான உண்மையை அவள் வாழ்க்கையில் சொன்னதில்லை. குனிந்து அவன் மிதிகட்டையின் வாரைத் தளர்த்திக் கட்டினாள், கால் தானாகக் கழன்று வருகிற மாதிரி.

வீட்டுக்கு வந்தபோது மதகு வாசலில் இரண்டு படகுகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பலகையைக் கழற்றக்கூட நேரம் இல்லை, உள்ளே ஃபோன் அலறியது. மர்சியால் தண்ணீர்த் தொட்டியில் முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

இவோன்தான். பின்னணியில் இன்னும் இரண்டு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது கேட்டது. கண்டுபிடிச்சியா என்று கேட்டாள்.

ஒன்றும் இல்லை என்று சொன்னால் இவோன் நம்பமாட்டாள். நாளைக்கே புல் அறுக்கிற சாக்கில் அந்த மதில் ஓரம் வந்து நிற்பாள். இருபத்திரண்டு வருடமாக ஜினெத்தே பழக்கிவைத்த ஆட்கள். அவள் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ஆமா. பொம்பளைதான்."

தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"யாருன்னு கேக்காதே, வெளியூர்க்காரி. கார்ல வந்தா. நான் கொடுத்த கொடுப்புல இனி இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கமாட்டா. அங்க போய் யாரும் பாக்க வேண்டியதில்லை. இனிமே அவன் சைக்கிளை எடுத்தா மதகு அடைக்கிற மத்தியான இடைவேளையிலதான், நானும் பின்னாடியே போவேன். என் கண்ணை விட்டு ஒரு நிமிஷம் நகரக் கூடாது."

இவோனின் குரல் குழைந்து வந்தது. ஜினெத்திடம் இதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை.

"அடப் பாவமே, ஜினெத். இந்த வயசுல உனக்கா இப்படி? நீ சமைக்காதே, சாயங்காலம் நான் சூப் கொண்டு வரேன்."

ஜினெத் திரும்பிப் பார்த்தாள். மர்சியால் ஈரக் கையோடு அப்படியே நின்றான். கை ஆடிக்கொண்டிருந்தது.

"கொண்டு வா," என்றாள்.