மாடியறையில் பிரித்த பெட்டி

மாமனார் இறந்த அதே வாரத்தில் கூரியர்காரர் வந்தார். நாங்கள் தங்கியிருந்த அவரது அபிராமபுரம் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. ‘சார், உங்க பேர்ல பார்சல் ஒண்ணு கீது’ என்று நீட்டினார். நான் ஓடிபி சொன்னதும் ‘வரேன் சார்’ என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். துக்க வீட்டில் யாரும் ‘வரேன்’ சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். கூடத்திலிருந்த மனைவியின் அத்தை முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்பில் எனக்கும் பங்கு உண்டு என்று எடுத்துக்கொண்டேன்.

‘இன்னா மாப்ள அது?’

‘ஆபீஸ் சாமான் அத்தை.’

ஆபீசாவது சாமானாவது. பெட்டிக்குள் இருந்தது பிளாஸ்டிக் விமானம். பாகம் பாகமாக நறுக்கி, ஒட்டி, பெயின்ட் அடித்து நாமே செய்துகொள்ள வேண்டியது. ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே பித்து இதுதான். மாமனார் ஐசியுவில் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு ஆர்டர் போட்டேன். மனசு தாங்காமல்தான் போனை நோண்டினேன் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. மயானத்திலிருந்து திரும்பியும் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பிரியம் இல்லாமல் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனிதர் அவர். ஆனாலும் அழுகை வந்தால்தானே? ‘மாப்பிள்ளைக்குக் கல்நெஞ்சு’ என்று அத்தை சமையலறையில் சொன்னது என் காதிலேயே விழுந்தது. ‘அவரு எல்லாத்தையும் உள்ளயே வெச்சுக்குவாரு அத்தை’ என்று என் மனைவி எனக்காகப் பேசினாள். பேசினாளே தவிர, அவளும் காத்துக்கொண்டுதான் இருந்தாள். தன் அப்பாவுக்காக நான் ஒரு தடவையாவது அழ வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கேட்டு வாங்கக்கூடியதா அது?

உடைசல் இருந்தால் ஒரு வாரத்துக்குள் சொல்லிவிட வேண்டும், அப்புறம் மாற்றித் தர முடியாது என்று தி.நகர் கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்று நினைக்கிறவனுக்கு இந்த ஒரு சாக்கு போதாதா? ‘அப்பாவோட பேங்க் பேப்பரெல்லாம் மேல இருக்குல்ல, பார்த்துட்டு வரேன்’ என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள். பையில் பெட்டியோடு மாடியேறினேன்.

மாமனாரின் மேஜையில் அவர் பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடி இருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன். கை கூசத்தான் செய்தது, ஆனால் எடுத்துக்கொண்டேன். உறையைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை வந்தது. கீழேயிருந்து வந்த ஊதுபத்தி வாசனையை அது ஒரு நொடியில் தள்ளிவிட்டது. பாகங்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, புடவைக் கடையில் முந்தானையைப் பார்ப்பதுபோல ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வரைபடத்தில் உள்ளதெல்லாம் இருக்கிறதா, அச்சில் பிளாஸ்டிக் சரியாக ஓடாமல் சக்கரம் ஏதாவது அரைகுறையாக நின்றிருக்கிறதா, ஓரத்தில் பிசிறு உண்டா. இறக்கையை மேஜைக் கண்ணாடிமேல் வைத்து அழுத்தினேன். ஆடவில்லை. வளைவே இல்லை. சந்தோஷமாக இருந்தேன். கீழே ஒரு சாவு வீடு இருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

கடைசியில் விமானியின் தலைக்கு மேல் வருகிற கண்ணாடி மூடியை எடுத்தேன். குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு கீறல். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. தொண்டைகூட அடைத்தது. மாமனாருக்கு அடைக்காத தொண்டை. போட்டோ எடுத்து, ‘உடைஞ்சு வந்திருக்கு. வேற அனுப்புங்க’ என்று அடித்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன்.

கடைக்காரருக்குப் போகவில்லை. கருமாதி ஏற்பாட்டுக்காக ஆரம்பித்திருந்த குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போயிருந்தது. மாமனாரின் மாலை போட்ட படத்துக்கு நேர் கீழே என் விமான மூடி. அவசர அவசரமாக அழித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நல்லவேளை, கீழே பேச்சுச் சத்தம் மாறவில்லை.

கதவு திறந்தது. மனைவி கையில் போனோடு நின்றாள். மேஜையைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

‘அழத்தான் மேல போறீங்கன்னு நெனச்சேன்’ என்றாள். ‘யாரும் வந்து தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு படிக்கட்டுலயே உட்கார்ந்திருந்தேன்.’

‘இல்லம்மா, அது வந்து...’

‘அத்தைகிட்டயும் சொல்லிட்டேன், அவரு இப்பதான் அழறாருன்னு. அவங்களும் அழுதுட்டாங்க.’ பெட்டியின் மூடியை எடுத்து அவளே மூடினாள். ‘மூஞ்ச கழுவிக்கிட்டு கீழ வாங்க.’

குளியலறைக்குப் போய் முகம் கழுவினேன். துண்டு கைக்கெட்டுகிற தூரத்தில்தான் தொங்கியது. துடைக்காமல் கீழே இறங்கினேன்.