பூட்டிய காருக்குள் வளைந்த இசைத்தட்டு

பிள்ளைகளே, கட்டாரிலிருந்து லீவில் வந்த என் தம்பி, நாங்கள் இளமையில் கேட்ட ஆங்கில நியூ வேவ் பாட்டுகளின் இசைத்தட்டைக் கொண்டு வந்தான். ஒலி சுத்தமாகக் கேட்கவென்று தடித்த தட்டில் மறுபடி அச்சிட்டது அது.

வெள்ளிக்கிழமை, ரெக்கோர்ட் பிளேயர் உள்ள நண்பர் வீட்டுக்கு இருவரும் அதை எடுத்துப் போனோம். வழியில் பள்ளிவாசலில் ஜும்மா தொழ இறங்கியபோது தம்பி தட்டையும் கையில் எடுத்தான்.

"பள்ளிக்குள்ள பாட்டுத் தட்டோட போறதா? ஆக்கள் என்ன கதைப்பாங்க? வெச்சிட்டு வா" என்றேன். கண்ணாடிகளை ஏற்றிக் காரைப் பூட்டினேன்.

தொழுதுவிட்டு வந்தபோது, வெயிலில் வெந்த காருக்குள் தட்டு அப்பளம் போல வளைந்து கிடந்தது.

"பிளேன்ல மடியில வெச்சிக் கொண்டு வந்தன், காக்கா. ஒங்களுக்கு ஊர் வாய்தான் பெரிசு" என்றான்.

இப்போதெல்லாம் யார் என்ன சொன்னாலும் பிறர் பொருளை நான் காருக்குள் விடுவதில்லை. கட்டாருக்குத் திரும்பிய தம்பி, போனில் என் மனைவியோடுதான் கதைக்கிறான். எனக்கு ஸலாம் மட்டும் சொல்லிவிடுகிறான்.