ஒரே குண்டு, மூன்று தராசு

பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா ஸ்கோக்ஸ்டாட் இரண்டு வாரமாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை எண்ணூறு கெஜத் தூரத்தில் ஈயக்குண்டால் சுடும் துப்பாக்கிப் போட்டி. முதல் ஆறு பேருக்குத்தான் மொன்டானா மாநில அணியில் இடம். போன வருடம் அவள் ஏழாவது. இம்முறை அறுபது குண்டுகள் வேண்டும், அறுபதும் ஒரே எடையில். கூடக்குறைய இருந்தால் அந்தத் தூரத்தில் ஒன்று குறிப்பலகைக்கு மேலே பறக்கும், அடுத்தது கீழே புழுதி கிளப்பும்.

கார் கொட்டகையில் ஈயம் உருக்கி, அச்சில் வார்ப்பது அவளேதான். தபாலில் வரவழைத்த மின்னணுத் தராசில் நிறுத்து, எடைவாரியாக முட்டை அட்டைகளில் அடுக்கினாள். முதலில் நிறுத்ததெல்லாம் கனம். கடைசியில் நிறுத்ததெல்லாம் இலேசு. கலவை கெட்டுவிட்டது, அச்சின் சூடு சரியில்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு அத்தனையையும் திரும்ப உருக்கினாள். மறுபடி வார்த்தாள். மறுபடி அதே கூத்து. மறுபடி உருக்கினாள்.

மூன்றாம் வார்ப்பில் ஒரு குண்டை அவள் கணவன் ஓரின் விளையாட்டாகத் தராசில் வைத்தான். ஐந்நூற்று முப்பது கிரெயின், அதாவது முப்பத்து நான்கு கிராம் சொச்சம். காப்பி குடித்துவிட்டு வந்து அதையே வைத்தான். ஐந்நூற்று இருபத்தெட்டரை.

"குண்டு இளைச்சிட்டே போகுதுடி."

"உன்னை மாதிரி இல்ல," என்றவள் எண்ணைப் பார்த்ததும் குண்டைத் தானே எடுத்து மறுபடி வைத்தாள்; இன்னும் குறைந்தது. அவள் இத்தனை நாள் தரம் பிரித்தது குண்டுகளை அல்ல, நேரம் போகப் போகக் குறைத்துக் காட்டும் தராசின் சறுக்கலை.

வியாழக்கிழமை அந்த ஒரே குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டெலோரிஸின் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். விற்பனைக்கு இருந்த மூன்று தராசுகளைப் பெட்டி பிரித்து வைக்கச் சொன்னாள்.

"அரை மணி நேரம் ஓடவிடு. சூடாகட்டும்."

"தராசா, அடுப்பா?" என்றாள் டெலோரிஸ்.

"ஃபேனையும் நிறுத்து. காத்துல எண்ணு ஆடுது."

"வெளிய நூறு டிகிரி, வெர்னா! மீன்பிடி லைசென்சுக்கு நாலு பேரு நிக்கிறாங்க."

"மீன் எங்கயும் ஓடிடாது."

ஃபேன் நின்றது. நால்வரும் தொப்பியால் விசிறிக்கொண்டு முறைத்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று தட்டிலும் குண்டை மாற்றி மாற்றி வைத்தாள் வெர்னா. விலை கூடிய முதல் தராசு மெல்ல இறங்கியது. இரண்டாவது, டெலோரிஸின் கைபேசி அடிக்கும்போதெல்லாம் துள்ளியது. மூன்றாவது, சாப்பாட்டு டப்பா போல அசிங்கமான ஒன்று, பன்னிரண்டு முறையும் ஐந்நூற்று முப்பது புள்ளி இரண்டையே காட்டியது.

"இதைக் கட்டு."

"அப்பாடா! ஃபேனைப் போடலாமா, மகாராணி?"

வீட்டுக்கு வந்து மூன்றாம் வார்ப்பின் தொண்ணூறு குண்டுகளையும் நிறுத்தாள். எண்பத்து நான்கு குண்டுகள் அரை கிரெயினுக்குள் அடங்கின.

"அசத்திட்ட! அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?" என்றான் ஓரின்.

வெர்னா கையுறையைக் கழற்றி மேசையில் அடித்தாள்.

"முதல் ரெண்டு தடவையும் இதே ஈயம், இதே அச்சு, இதே கை. எல்லாம் நல்ல குண்டுடா! உருக்கி ஊத்தினேனே, ரெண்டு வாரமா! ஒரு நாளாவது மைதானத்துக்குப் போய்ச் சுட்டுப் பழகியிருப்பேன்ல?"

"இன்னும் வெளிச்சம் இருக்கே," என்றான் ஓரின்.

எண்பத்து நான்கில் அறுபதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்ச இருபத்து நான்கோடு அவள் வண்டிச் சாவியைத் தேடினாள்.