நூருல்லா பாயின் ஒன்பதாவது கோரிக்கை

“தண்ணி நிக்குதுன்னா எப்படிங்க? அது எங்கேர்ந்து வந்த தண்ணி, அதச் சொல்லுங்க.”

நீட்டிய மனுவை நூருல்லா பாய் இன்னும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ரமணாசிரமத்துப் பக்கம் அறைகளை வாடகைக்கு விடும் அந்த மனிதர் விழிக்கிறார். பாய் பொறுமையாக விளக்குகிறார். ஏரி நிரம்பி வந்த தண்ணீர் என்றால் நீர்வளத் துறை. குழாய் உடைந்து வந்ததென்றால் மாநகராட்சி. சாலையோரம் வடிய வழியில்லாமல் தேங்கியதென்றால், அது யார் போட்ட சாலை என்று முதலில் பார்க்க வேண்டும். துறை தெரியாமல் எழுதிய மனு ஊரெல்லாம் சுற்றிவிட்டு இதே மேசைக்குத் திரும்பி வந்துவிடும்.

சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் பாய்க்குப் பதவிப் பெயர் எதுவும் கிடையாது. மனுக்களை வாங்கித் துறைவாரியாகப் பிரிப்பார். பரிந்துரைக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குவார். வேங்கிக்காலுக்குப் போய் ஆட்சியர் அலுவலகத்தில் சேர்ப்பிப்பார். வயது அறுபத்திரண்டு. சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா, மூன்றும் நீல மை. யாரோ பரிசாகக் கொடுத்த பச்சை மைப் பேனாவை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார். “பச்சை அதிகாரிங்களுக்குங்க. நாம கேக்கறவங்க.”

மனுவில் ‘உடனடியாக’ என்று யாராவது எழுதியிருந்தால் அடித்துவிட்டு ‘ஐப்பசி மழைக்கு முன்’ என்றோ ‘பள்ளி திறப்பதற்குள்’ என்றோ எழுதச் சொல்வார். தேதியில்லாத அவசரத்தை யாரும் அவசரமாக எடுத்துக்கொள்வதில்லை என்பது அவர் அனுபவம். எம்.எல்.ஏ. நினைத்தால் முடியாதா என்று மல்லுக்கு நிற்பவர்களிடம் குரல் உயர்த்தாமல் சொல்வார்: “எம்.எல்.ஏ. கேக்கத்தான் முடியும். செய்யறது டிபார்ட்மென்ட்டு.”

பதினாறு வருடங்களாக ஊருக்கெல்லாம் கேட்டுக் கொடுத்தவர் தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. கேட்க ஒன்று இருந்தது.

அவர் மனைவி நசீமா ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில் இறந்துபோனார். கபர்ஸ்தான் ஊருக்கு வெளியே, ஏரியின் உபரி நீர்க் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பாலம் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நசீமாவைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னால் சுமந்தவர்களில் பாயும் ஒருவர். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகை முடிந்ததும் நடந்தே அங்கே போய்விடுவார். தலைமாட்டில் உட்கார்ந்து அந்த வாரத்து மனுக்களைச் சொல்வார். உயிரோடு இருந்தபோது நசீமாவுக்கு அது தினமும் வேண்டும். இரவுச் சாப்பாட்டின்போது “இன்னிக்கு இன்னா வந்துது?” என்றுதான் ஆரம்பிப்பார்.

ஐப்பசி பிறந்துவிட்டால் நான்கு மாதம் கால்வாயில் தண்ணீர் ஓடும். பாய்க்குச் சர்க்கரை நோய். இடது காலில் ஆறாத புண். ஒரு மழைக்காலம் பிடிவாதமாக இறங்கிப் போய்விட்டு வந்து, பதினெட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தார். இனி அந்தத் தண்ணீரில் கால் வைப்பதில்லை என்று மகள் உம்மே ஹானி சத்தியம் வாங்கிக்கொண்டாள். அன்று முதல் அந்த நான்கு மாத வெள்ளிக்கிழமைகளில் இந்தக் கரையில் நின்று துஆ ஓதிவிட்டுத் திரும்பிவிடுவார். மனுக்களைச் சொல்ல அது தோதான தூரமில்லை.

சென்ற சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர் அறிவுச்செல்வன். நீர்வளத் துறை மானியக் கோரிக்கையில் பேசுவதற்காகத் தொகுதிக் கோரிக்கைகளைப் பட்டியலிடச் சொன்னபோது, பாய் எட்டு எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு ஒன்பதாவதாகக் கபர்ஸ்தான் சிறுபாலத்தை எழுதினார். இன்னும் மேலே எழுதியிருக்கலாமே என்று மகள் பிற்பாடு கேட்டாள். “இந்த நாற்காலியில குந்திகிட்டு நம்மளுத மொதல்ல எழுதக் கூடாதும்மா” என்றார்.

பேச்சை அலுவலகத்தில் எல்லோரும் பாயின் கைப்பேசியில் நேரலையாகப் பார்த்தார்கள். மதகு, கரை, தூர்வாருதல் என்று அறிவுச்செல்வன் ஒவ்வொன்றாகக் கேட்டு ஏழாவதற்கு வந்தபோது நேரம் முடிந்ததென்று சபையில் மணி அடித்தது. இரண்டாம் முறையும் அடித்தது. அவர் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். பாய் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காத்திருந்த அடுத்த மனுவை வாங்கினார்.

ஊர் திரும்பிய அறிவுச்செல்வன் விடுபட்ட இரண்டையும் தொகுதி மேம்பாட்டு நிதியில் சேர்க்கச் சொன்னார். கால்வாய் ஒரு துறைக்குச் சொந்தம், அதற்குப் போகும் பாதை இன்னொன்றுக்கு. இரண்டு பக்கமும் தடையின்மைச் சான்று வாங்க எட்டு மாதம் ஆயிற்று. டெண்டர் விட இருந்த வாரத்தில் தேர்தல் அறிவிப்பு வந்தது. நடத்தை விதிப்படி புதிய வேலை எதுவும் தொடங்கக் கூடாது. அலுவலகத்தையும் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். அறிவுச்செல்வன் தோற்றார்.

ஜெயித்தவர் வேறு கட்சியைச் சேர்ந்த மணிமொழி. பாய் பழையவரின் ஆள் என்று கட்சிக்காரர்கள் அவரை வரவேண்டாம் என்றார்கள். மனுக்கள் துறை மாறி மாறிப் போய்த் திரும்பி வரத் தொடங்கின. இருபதாம் நாள் அவர்களே வந்து அழைத்துக்கொண்டு போனார்கள்.

நிலுவைக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த மணிமொழி கபர்ஸ்தான் சிறுபாலத்தில் நிறுத்தினார். டெண்டருக்குப் போகாத வேலை என்பதால் அதை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“இது யாரு கேட்டது பாய்? மனுதாரர் பேரே இல்லையே.”

பாய் கையிலிருந்த பேனாவை மூடிப் பைக்குள் செருகினார். பிறகு, “நான்தாம்மா” என்றார். “எங்க வீட்ல அந்தாண்ட இருக்காங்க.”

மணிமொழி புதிய கடிதத்தில் மனுதாரர் பெயரை எழுதிக்கொண்டு வரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கபர்ஸ்தான் பாலத்துக்கு நூருல்லாவின் பெயரில் போன முதல் தாள் அதுதான்.

மார்கழியில் ஒரு காலை, உதவிப் பொறியாளர் அருணகிரி கால்வாயை அளவெடுக்க வந்தார்; இடம் காட்டப் பாயும் வந்திருந்தார். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. கூட வரவேண்டிய ஆள் வரவில்லை. டேப்பின் நுனியை அக்கரைக்குக் கொண்டுபோக யாராவது கிடைப்பார்களா என்று அவர் பாதையைத் திரும்பிப் பார்த்தார். பாய் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை நீட்டினார். காலில் இருந்த கட்டைப் பார்த்து அருணகிரி வேண்டாம் என்றார். அதற்குள் பாய் நுனியை வாங்கிக்கொண்டு லுங்கியை மடித்துக் கட்டி இறங்கிவிட்டார்.

நிதானமாக, காலால் தடவித் தடவி நடந்து அக்கரை ஏறினார். அருணகிரி அளவைப் படித்துக் குறித்துக்கொண்டார்.

“போதும் பாய், வுட்டுடுங்க. சுத்திக்கறேன்.”

பாய் விடவில்லை. திரும்பிப் பார்க்கவுமில்லை. நுனியைக் கையில் பிடித்தபடியே கல்லறைகளை நோக்கி நடந்தார். அருணகிரியின் கையிலிருந்த பெட்டியிலிருந்து டேப் சரசரவென்று உருவிக்கொண்டே போனது.